வந்தவங்க ஏன் திரும்பி வரல?

கேள்வி: ஆறு மாசத்துல எண்பது பதிவு எழுதிட்டேன். சில நாள் நல்ல கூட்டம், மத்த நாள் ஈ ஓட்டுறேன். பிளாக்கோட டெம்ப்ளேட்டை மாத்தவா, கூகுள் தேடல்ல மேல வர்றதுக்கான எஸ்இஓ வித்தையைக் கத்துக்கவா, இல்ல தினமும் ரெண்டு பதிவு போடவா?

பதில்: மூணும் வேணாம். கோவிச்சுக்காதீங்க, மேல இருக்கிறது நாங்க வெட்டினது போக மிஞ்சினது, நீங்க அனுப்பினது ரெண்டு பக்கம், அதுல எழுத்து மேல ஆசை எப்ப வந்துச்சு, யாரெல்லாம் பாராட்டினாங்க எல்லாம் முடிஞ்சு கடைசி வரியிலதான் கேள்வியே வருது. நான் சம்பளம் வாங்குறேன், படிச்சுத்தான் ஆகணும். உங்க பிளாக்குக்கு வர்றவருக்கு யாரு சம்பளம் குடுக்கிறா?

இணையப் பக்கங்களை ஆளுங்க எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு ஆராயுற ஜேக்கப் நீல்சன்னு ஒருத்தர் 1997லயே ஆளுங்களை உக்காரவெச்சு சோதிச்சுப் பாத்துட்டார். புதுப் பக்கத்தைத் திறந்ததும் 79 சதவீதம் பேர் சும்மா கண்ணை ஓட்டுறாங்க, வார்த்தை வார்த்தையா படிச்சது 16 சதவீதம்தான். அது மானிட்டர் முன்னாடி உக்காந்து படிச்ச காலம். இப்ப கட்டைவிரல் ஒரு தள்ளு தள்ளினா நீங்க காலி.

உங்க பதிவுகள்ல ஒரு பத்து படிச்சேன். 'தூக்கம் வரலையா?'ன்னு தலைப்பு, உள்ள போனா மூணு பத்திக்குத் தூக்கம் ஏன் முக்கியம்னு பாடம். ஏங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டுத் தேடி வந்தவருக்கு அது தெரியாதா? தலைப்பு இழுத்துட்டு வந்துச்சு, முதல் பத்தி வெரட்டி விட்டுருச்சு, அவ்வளவுதான் நடந்தது. எஸ்இஓ கத்துக்கிட்டா இன்னும் நிறைய பேரை வரவெச்சு வெரட்டுவீங்க.

ஆனா ஒரு பதிவு நல்லா இருந்துச்சு, நிஜமாவே. பழைய லேப்டாப் வாங்கி ஏமாந்த கதை. எதையெல்லாம் பாத்து வாங்கினீங்க, பேட்டரியை மட்டும் ஏன் பாக்காம விட்டீங்கன்னு ஒளிக்காம எழுதியிருந்தீங்க. கீழ பாருங்க, சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கணும், ஹார்ட் டிஸ்க்கை எப்படி சோதிக்கிறதுன்னு வரிசையா கேள்வி கேட்டிருக்காங்க, நீங்க எல்லாருக்கும் 'நன்றி நண்பரே'ன்னு போட்டுட்டு அடுத்த நாள் கவிதை எழுதப் போயிட்டீங்க! அந்தக் கேள்வி ஒவ்வொண்ணும் ஒரு பதிவு. கேட்டவர் பதிலுக்காகத் திரும்பி வந்திருப்பார். (அதே பதிவுல 'தொடரும்'னு வேற போட்டிருக்கு. நாலு மாசம் ஆச்சு.)

கவிதை எழுதாதீங்கன்னு சொல்லல, அதுக்குத் தனியா ஒரு பிளாக் வெச்சுக்கோங்க. லேப்டாப்புக்கு வந்தவர் அடுத்த தடவை வந்தா சினிமா, அதுக்கடுத்து அரசியல், அப்புறம் கவிதைன்னா எதை நம்பி வருவார்? முன்னாடி கூகுள் ரீடர்னு ஒண்ணு இருந்துச்சு, நாம எழுதினது படிக்கிறவர்கிட்ட தானா போய் நிக்கும், 2013 ஜூலையில அதை மூடிட்டாங்க. புதுப் பதிவை அப்படிக் கொண்டு போய்ச் சேர்க்கிற ஆர்எஸ்எஸ்ங்கிற தொழில்நுட்பம் இன்னும் இருக்கு, ஆனா பயன்படுத்துறவங்க கம்மி, அதனால பதிவு முடியிற இடத்துல புதுப் பதிவை மெயில்லயே வாங்கிக்கிற வசதி ஒண்ணு வைங்க.

தினமும் ரெண்டெல்லாம் வேணாம், வாரத்துக்கு ஒண்ணு, அதே கிழமையில போடுங்க. முதல்ல அந்த 'தொடரும்' பாக்கியை முடிங்க. பேட்டரியில இருந்து ஆரம்பிங்க, முன்னுரை இல்லாம.