நுகர்வோர் கேள்வி-பதில்: கையேடில்லாத மென்பொருள்

கேள்வி: எங்கள் நெல் ஆலைக் கணக்குகள் விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளக் கணினியில், பொக்ஸ்புரோ 2.6 என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கின்றன. நிரலை எழுதித் தந்தவர் கத்தாருக்குப் போய்விட்டார். கையேட்டுப் பிரதிக்கு ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா? (சம்மாந்துறை)

பதில்: ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். முழுமையாக நிறுவியிருந்தால் உதவிநூல் உங்கள் கணினியிலேயே 'பொக்ஸ்ஹெல்ப்' என்ற பெயரில் இருக்கும்; எப்1 விசையை அழுத்திப் பாருங்கள். அந்த உதவிநூலும் ஒரு தரவு அட்டவணையே என்பதால், படியெடுக்கும்போது டிபிஎப், எப்பிரி என முடியும் இரு கோப்புகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். விளக்கங்கள் இரண்டாவதில்தான் உள்ளன. அச்சு நூல்தான் வேண்டுமென்றால், பழைய கையேடுகள் பலவற்றை இலவசமாக வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேடுங்கள், ஆனால் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையில் பொக்ஸ்புரோ என்றிருந்ததை நம்பி நான் வாங்கிய தடித்த நூல், விண்டோஸில் இயங்கும் விசுவல் பொக்ஸ்புரோவுக்கானது. டொஸ்காரருக்கு அதில் பாதி உதவாது.

எந்தக் கையேட்டிலும் உங்கள் ஆலையின் நிரலைப் பற்றி ஒரு வரியும் இராது. கோப்புகளைப் படியெடுத்து வைத்த பின், ஒவ்வோர் அட்டவணையையும் திறந்து 'டிஸ்பிளே ஸ்ட்ரக்சர்' என்ற கட்டளையை இடுங்கள். புலங்களின், அதாவது அட்டவணைப் பத்திகளின், பெயரும் வகையும் நீளமும் திரையில் வரும். எந்தப் புலத்தில் மூடைக் கணக்கு, எதில் விவசாயியின் கடன் என்பதைப் பழைய கணக்குப்பிள்ளையிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

கேள்வி: கையேடு தேடுவதற்கு, வாடிக்கையாளர் விபரங்கள் உள்ள விண்டோஸ் எக்ஸ்பி கணினியையே இணையத்தில் இணைக்கலாமா? (காத்தான்குடி)

பதில்: கூடாது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 உடன் முடிந்தது; பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் அந்த விபரங்கள் திருட்டுப் போகலாம். கைபேசியில் தேடுங்கள்.

கேள்வி: 'முழுக் கையேடு' என்று உறையில் அச்சிட்ட இறுவட்டில் முதல் அத்தியாயம் மட்டுமே இருக்கிறது. கடைக்காரர் காசைத் திருப்பித் தர மறுக்கிறார். பற்றுச்சீட்டு என்னிடம் உண்டு. (களுவாஞ்சிக்குடி)

பதில்: நீங்கள் செய்ததில் பிழை எதுவும் இல்லை, தங்கச்சி, உறையில் எழுதியதை நம்பித்தானே எவரும் வாங்குவர். பற்றுச்சீட்டையும் உறையையும் இறுவட்டையும் பத்திரப்படுத்தி, வாங்கிய மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வழி கேட்க 1977 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

கேள்வி: கடைக்குப் புதிய கணக்கு மென்பொருள் எழுதுவித்து, முழுப் பணத்தையும் முன்பே கட்டிவிட்டேன். கையேடு கேட்டால், எழுதியவர் "அது எதற்கு, போன் எடுங்கள்" என்கிறார். (அக்கரைப்பற்று)

பதில்: முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு இப்போது என்னிடம் கேட்கிறீர்கள்! எழுதியவரின் தொலைபேசியையே கையேடாக விற்கும் இந்த வழக்கம் எனக்கு நெடுநாள் எரிச்சல். அவர் எண்ணை மாற்றினாலோ, ஊரை விட்டுப் போனாலோ, உங்கள் கணக்கை நீங்களே திறக்க முடியாது. மூல நிரல், அட்டவணைகளின் விபரம், நிர்வாகக் கடவுச்சொல், காப்புப்படியிலிருந்து மீட்கும் முறை ஆகியவை கைக்கு வந்து, அவற்றை வேறொரு கணினியில் இயக்கிப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுத்திருக்க வேண்டும். இனி அவர் ஆண்டுப் பராமரிப்புப் பணம் கேட்டு வரும்போது, இவை வரும்வரை அதைக் கொடுக்காதீர்கள்.