நகைக்கடை உங்கள் பாட்டைக் கேட்கிறது: கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் குழித்துறை, கொல்லங்கோடு பக்கத்துப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் நடத்துகிறோம். ஓகிப் புயலில் போய்த் திரும்பாதவர்களை நினைத்து, கடற்கரைக்காரனான எங்கள் நண்பன் ஒரு பாட்டு எழுதினான், நான் மெட்டுப் போட்டேன், யூடியூபில் நன்றாகப் போனது. இப்போது நாகர்கோவிலில் ஒரு நகைக்கடை ஓண விளம்பரத்துக்காக அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் ஹம்மிங்கை மட்டும் கேட்கிறது. வார்த்தை வேண்டாமாம். 60,000 ரூபாய் தருகிறார்கள், 'சகல உரிமைகளும்' என்று முத்திரைத்தாளில் எழுதிக் கேட்கிறார்கள். டிரம்ஸ் வாசிப்பவன் இது விலைபோவது என்கிறான். மாமா கிடைத்ததை வாங்கு என்கிறார். என்ன செய்ய? பேப்பரில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: தம்பி, விளம்பரத்துக்குப் பாட்டுக் கொடுப்பதைத் தப்பாக நினைக்கிறவன் நான் இல்லை. இந்த மாதிரி ஒப்பந்தங்களை எழுதுவதும் திருத்துவதும்தான் என் பிழைப்பு, அதனால் இவர் அப்படித்தான் சொல்வார் என்று உங்கள் டிரம்மர் நினைக்கலாம், நினைக்கட்டும். உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த 'சகல உரிமைகளும்'தான். முப்பது விநாடி ஹம்மிங் கேட்கிறவருக்குச் சகல உரிமையும் எதற்கு?

விலைபோவது என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் பாட்டுக்காரனும் கடைக்காரனும் என்றைக்கும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார்கள். வடசேரியில் புதுக்கடை திறந்தால் நாதஸ்வரம் வைக்கிறார்கள், வாசித்தவரைப் பார்த்துக் கலையை விற்றுவிட்டாயே என்று யாரும் கேட்பதில்லை. கொடை விழாவில் வில்லுப்பாட்டு மேடைக்குப் பின்னால் பாத்திரக்கடை பேனர் தொங்கும், புலவர் கதைக்கு நடுவே உபயதாரர் பெயரையும் சொல்லிவிட்டுப் போவார், அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஏ.ஆர். ரகுமான் 1992ல் சினிமாவுக்கு வருவதற்கு முன்பு லியோ காபி மாதிரி விளம்பரங்களுக்கு இசை போட்டுக்கொண்டிருந்தவர், ஆஸ்கர் வாங்குவதற்கு முன்னால் ஏர்டெல் ட்யூனும் போட்டார். அதனால் அவர் பாட்டு யாருக்கும் கசக்கவில்லை.

ஆனால் அவையெல்லாம் கடைக்கென்றோ கம்பெனிக்கென்றோ செய்த இசை. உங்கள் பாட்டு அப்படிப் பிறந்தது இல்லையே. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஓகி தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் என்ன செய்துவிட்டுப் போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஹம்மிங்கை டிவியில் கேட்டதும் அந்தக் கரையில் இருக்கிறவர்கள் காதில், கடை போடாமல் விட்ட வார்த்தைகளும் சேர்ந்தேதான் கேட்கும். யூடியூபில் பாட்டு பரவியதே அவர்கள் பகிர்ந்ததால்தான் இருக்கும். திரையில் ஒரு பெண் நெக்லஸை எடுத்துக் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைக்காரர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, அவருக்கு அது 'கடல் ஃபீல்' உள்ள நல்ல ஹம்மிங், அவ்வளவுதான்.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. ஒரு பாட்டில் குறைந்தது மூன்று தனித்தனிச் சொத்துகள் உண்டு: வரிகள், மெட்டு, பதிவு செய்த ஒலி. வரி எழுதியவனுக்கு, மெட்டு போட்டவருக்கு, ஒலிப்பதிவோ அதற்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவருக்கு, அதாவது தயாரிப்பாளருக்கு. பாடியவர், வாசித்தவர்களுக்கும் கலைஞர் உரிமை என்று தனியாக ஒன்று இருக்கிறது. வார்த்தையில்லாத ஹம்மிங்கை மட்டும் கொடுத்தால், கறாராகப் பார்த்தால் உங்கள் நண்பனின் கையெழுத்தே தேவைப்படாமல் போகலாம். கடைக்காரரின் ஆள் வார்த்தை வேண்டாம் என்றது இதைத் தெரிந்தா, தெரியாமலா என்று எனக்கு ஒரு சந்தேகம். எப்படியிருந்தாலும் அவனைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அவன் முடியாது என்றால் இந்தப் பாட்டு முடியாது, அதோடு விட்டுவிடுங்கள். அவன் சரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் டிரம்மருக்கு விலைபோவதைப் பற்றிப் பேச அதிக இடமில்லை.

டிரம்மர்களுக்கே இந்தக் குணம் உண்டு போலிருக்கிறது. தி டோர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவில் 1968ல் ஜிம் மோரிசன் ஊரில் இல்லாத நேரம் மற்ற மூவரும் ஒரு பாட்டை ப்யூயிக் கார் விளம்பரத்துக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள், வந்து தெரிந்துகொண்ட மோரிசன் கொதித்துப் போனார். நால்வரும் ஒப்பினால்தான் எதையும் கொடுப்பது என்பது அந்தக் குழுவின் ஏற்பாடு. மோரிசன் இறந்து முப்பது வருடம் கழித்து காடிலாக் கார் கம்பெனி ஒன்றரைக் கோடி டாலர் வரை தருவதாக வந்தபோது டிரம்மர் ஜான் டென்ஸ்மோர் ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார், பேரம் அங்கேயே நின்றது. அவர் செய்தது சரியா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, மறுக்கிற உரிமை அவர் கையில் இருந்தது என்பதுதான். நீங்கள் நான்கு பேரும் வரி எழுதியவனும் உட்கார்ந்து, எந்தப் பாட்டையும் விளம்பரத்துக்குக் கொடுக்க எல்லோர் சம்மதமும் வேண்டும், பணத்தை இப்படிப் பிரிப்போம் என்று அரைப்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இதை நகைக்கடைக்குப் பதில் சொல்வதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.

இதற்கு நேர்மாறானது பீட்டில்ஸுக்கு நடந்தது. 1987ல் அவர்கள் பாட்டு ஒன்று நைக்கி ஷூ விளம்பரத்தில் வந்தது. ஒலிப்பதிவு ரெக்கார்டு கம்பெனியிடம், பாட்டின் பதிப்புரிமை மைக்கேல் ஜாக்சன் வாங்கிய கம்பெனியிடம். விளம்பரத்துக்கு அனுமதி கொடுத்தது அந்த இரண்டு கம்பெனிகளும்தான். பீட்டில்ஸ் தரப்பு கோர்ட்டுக்குப் போனது, கடைசியில் சமரசத்தில் முடிந்தது. உலகத்திலேயே பெரிய பேண்டுக்கே இந்தக் கதி. நீங்கள் 'சகல உரிமைகளும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு அதே ஹம்மிங் ஏதாவது ஒரு கட்சியின் பிரசார வேனில் போகும்போது போன் பண்ணிக் கேட்கக்கூட உங்களுக்கு இடமிருக்காது.

நம் பக்கத்து ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால், தோப்பைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விடுவது வேறு, விலைப்பத்திரம் எழுதிக் கொடுப்பது வேறு. கடைக்குத் தேவை பாட்டம், அதாவது லைசென்ஸ். அவர்கள் நீட்டியிருப்பது விலைப்பத்திரம். மெட்டுக்கும் வரிக்கும் பதிப்புரிமை எழுதியவர் ஆயுள் முழுக்க, அதற்கு மேல் 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டு. உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் ஓடுகிற ஒரு சொத்துக்கு 60,000 என்று வைத்துப் பாருங்கள், மாமாவே வேண்டாம் என்பார்.

சட்டம் உங்களை முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் ஒரு திருத்தம் வந்தது, இந்திப் படப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காகக் கடுமையாகப் பேசினார். அதன்படி, உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் மெட்டுப் போட்டவரும் வரி எழுதியவரும் ராயல்டியில், அதாவது பாட்டு பயன்படும்போது வருகிற பணத்தில், தங்கள் பாதிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ, வசூலிக்கிற பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர. அப்படி எழுதி வாங்கினாலும் செல்லாது. 57ஆம் பிரிவின்படி, பாட்டை உங்கள் பெயருக்குக் கெடுதல் வருகிற மாதிரிச் சிதைத்தால் தடுக்கிற உரிமையும், இது என்னுடையது என்று சொல்கிற உரிமையும் விற்ற பிறகும் உங்களிடமே இருக்கும். ஒப்பந்தத்தில் எவ்வளவு காலம் என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்றுதான் கொள்ளும், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்று கொள்ளும். இதையெல்லாம் கோர்ட்டில் போய்த்தான் நிலைநாட்ட வேண்டியிருக்கும் என்பதால் முதலிலேயே பேப்பரைச் சரியாக எழுதிவிடுவது மேல்.

அதில் என்ன இருக்க வேண்டும்? காலம்: ஓணத்திலிருந்து கிறிஸ்துமஸ் முடியும் வரை என்று தேதி போட்டுக் கொடுங்கள், அடுத்த வருடமும் வேண்டுமென்றால் மறுபடி பணம். இடம்: கன்னியாகுமரி மாவட்டம் மட்டுமா, திருவனந்தபுரத்தில் கிளை இருந்தால் கேரளமும் உண்டா? ஊடகம்: உள்ளூர் கேபிள், தியேட்டர், எஃப்எம், இன்ஸ்டாகிராம், மைக் கட்டிய ஆட்டோ, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள், 'இன்னபிற' என்ற வார்த்தை வந்தால் அடித்துவிடுங்கள். வேறு நகைக்கடைக்குக் கொடுக்கக்கூடாது என்று கேட்பார்கள், நியாயம்தான், அந்தக் காலத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளலாம். வேறு எந்த விளம்பரத்துக்குமே கொடுக்கக்கூடாது என்றால் விலை வேறு. ஹம்மிங்குக்கு மேல் கடைப் பெயரைப் பாடிச் சேர்ப்பது, வேகத்தை மாற்றுவது, அந்தக் குரலை ஏஐயில் போட்டுப் புதிதாகப் பாட வைப்பது எதற்கும் தனியாக எழுத்தில் அனுமதி வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம். ஏஐ வரி இப்போது எல்லா ஒப்பந்தத்திலும் நான் சேர்க்கிறேன். இந்திப் பாடகர் அரிஜித் சிங் குரலை ஏஐயில் நகல் எடுத்தவர்களுக்கு மும்பை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் இடைக்காலத் தடை போட்டது, ஆனால் நாம் எல்லோரும் அரிஜித் சிங் இல்லையே.

இன்னொரு வரியைப் பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். 'இது முழுக்க என் சொந்தப் படைப்பு, யார் வழக்குப் போட்டாலும் செலவு முழுவதும் என் பொறுப்பு' என்று இருக்கும். உங்கள் ஹம்மிங்கில் கரமடி வலையைக் கரைக்கு இழுக்கும்போது மீனவர்கள் பாடுகிற பழைய அம்பாப் பாட்டின் சாயல் இருந்தால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். ஊர்ப்பாட்டு யாருக்கும் தனிச்சொத்து இல்லை, நீங்கள் சேர்த்த மெட்டும் உங்கள் ஒலிப்பதிவும்தான் உங்களுடையது. நெட்டிலிருந்து எடுத்த பீட், லூப் ஏதாவது அடியில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். யூடியூபில் போட அனுமதி உள்ள பல பீட்களுக்கு விளம்பர அனுமதி கிடையாது. பொறுப்பை நீங்கள் வாங்கும் தொகை வரைக்கும் என்று எல்லை கட்டி எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 60,000 வாங்கிவிட்டு ஆறு லட்சத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

'நீங்க தராட்டி பரவாயில்ல, அதே மாதிரி ஒருத்தர வச்சுப் பாட வச்சுக்கிடுவோம்' என்று சொன்னால் பயப்பட வேண்டாம். மெட்டின் முக்கியமான பகுதியை எடுத்தாலே அது மீறல்தான். அமெரிக்காவில் பாடகி பெட் மிட்லர் விளம்பரத்துக்குப் பாட மறுத்ததும் அவருக்குப் பின்னணி பாடிய பெண்ணையே வைத்து அதே குரலில் பாட வைத்தது ஃபோர்டு கம்பெனியின் விளம்பர ஏஜென்சி, 4,00,000 டாலர் கொடுக்க நேர்ந்தது. பாடகர் டாம் வெயிட்ஸ் குரலைப் போலச் செய்த சிப்ஸ் கம்பெனிக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. அவை அங்கத்திய தீர்ப்புகள், இங்கே அப்படியே செல்லும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடைக்காரரின் வக்கீலுக்கு இவை தெரிந்திருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடைக்காரரிடம் போய், அந்தப் பாட்டு எதற்காக வந்தது என்று சொல்லி, அதே ஆட்கள் அதே குரலில் ஓணத்துக்கென்று புதிதாக ஒன்று போட்டுத் தருகிறோம் என்று கேட்பேன். விவரம் தெரிந்தால் பெரும்பாலும் அவரே பின்வாங்கிவிடுவார், அவருக்கும் கடற்கரையில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். வரி வேண்டுமென்றால் தேரூர்க்காரர் கவிமணியின் பாடல்கள் இருக்கின்றன. 1954ல் காலமானார், 2014 முடிந்ததும் பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் மெட்டுப் போடலாம். புது ஜிங்கிளுக்கு, அதாவது விளம்பரத்துக்கென்றே செய்த பாட்டுக்கு, விலையும் கூடக் கேட்கலாம்.

சில்லறை விஷயங்கள். பாட்டை ஏதாவது டிஸ்ட்ரிப்யூட்டர் வழியாக ஸ்பாட்டிஃபை, யூடியூபில் ஏற்றியிருந்தால் கடையின் வீடியோவுக்குத் தானாகவே கன்டென்ட் ஐடி கிளெய்ம், அதாவது இது இன்னாருடைய பாட்டு என்ற யூடியூபின் உரிமைக்கோரல், விழும், அப்புறம் ஓணத்தன்று காலையில் உங்களுக்குத்தான் போன் வரும். முன்கூட்டியே கடையின் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள், அந்த டிஸ்ட்ரிப்யூட்டர் ஒப்பந்தம் விளம்பரத்துக்குக் கொடுக்கத் தடை போட்டிருக்கிறதா என்றும் படியுங்கள். நீங்களும் நண்பனும் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கிற ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகச் சேரலாம், ரேடியோ, டிவியில் ஓடினால் ராயல்டி அதன் வழியாகத்தான் வரும். ஏற்கெனவே சேர்ந்திருந்தால் அங்கே எதை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு இங்கே கையெழுத்துப் போடுங்கள். ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், ஒலிப்பதிவு உங்களுடையது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. பணத்தைப் பேங்கில்தான் வாங்க வேண்டும், பான் எண் கேட்பார்கள், டிடிஎஸ் என்று வருமான வரியை முன்கூட்டியே பிடித்தால் ரிட்டர்னில் கணக்குக் காட்டிக்கொள்ளலாம். கேட்டுப் பார்க்க என்று அனுப்புவது நடுவில் உங்கள் பேண்ட் பெயர் ஒலிக்கும் எம்பி3யாக இருக்கட்டும், முழுத்தரமுள்ள வேவ் ஃபைல் முழுத்தொகையும் வந்த பிறகு போனால் போதும்.