மதுரையில் அந்தக் காலத்தில் இரவு நேர இசைக்கு எங்கே போவார்கள்?

இரவு விடுதியைத் தேடினால் மதுரையின் இரவு இசை அகப்படாது. அது கோயில் திருவிழாவில், தெருவை மறித்துப் போட்ட கொட்டகையில் இருந்தது. அதன் உச்சம் ஸ்பெஷல் நாடகம் என்னும் இசை நாடகம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியது இந்த ஊரில்தான். அவருடைய 'வள்ளி திருமணம்' இரவு பத்து மணிக்குமேல் தொடங்கினால் விடிந்துதான் முடியும்.

நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள், ஒத்திகை கிடையாது. வள்ளியும் நாரதரும் மேடையிலேயே முதன்முறை சந்தித்துத் தர்க்கம் செய்வார்கள். அவர்களைத் தாங்கிப் பிடிப்பவர் ஆர்மோனியக்காரர். பாடுபவர் சுருதியை ஏற்றினால் அவர் விரல்களும் அந்த நொடியே ஏறும். என் கணிப்பில் மேடையின் உண்மையான நாயகர் அவரே. பக்கத்தில் மிருதங்கமும், பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்டும்.

பிறகு மெல்லிசைக் குழுக்கள் வந்தன. விருப்பப் பாடலைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவோம். வியர்வையில் மை கலைந்த சீட்டைப் பாடகர் குழல்விளக்கின் அருகில் பிடித்துப் படித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்பெஷல் நாடகம் சுற்றுவட்டக் கிராமங்களில் இப்போதும் நடக்கிறது; பங்குனி, சித்திரையில் வந்தால் பார்க்கலாம்.