பரணில் கிடைத்த மேண்டில் கார்டு: நம்பி வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறேன். போன வருடம் அலுவலக நண்பர் ஒருவர் பணி ஓய்வு பெறும்போது, டாப்ஸ் நிறுவனம் 1956இல் வெளியிட்ட, வீரர்களின் படம் போட்ட பேஸ்பால் கார்டுகள் நான்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை பேஸ்பால் ஆட்டம்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. இப்போது நடுராத்திரி வரை ஈபே ஏலத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் 3,000 டாலர் பாக்கி நிற்கிறது. இதற்கிடையில், வாரச் சந்தையில் பழக்கமான வியாபாரி ஒருவர் நியூயார்க் யாங்கீஸ் நட்சத்திர வீரர் மிக்கி மேண்டிலின் 1952 டாப்ஸ் கார்டை 2,500 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்ததாம். தரச்சான்று கிடையாது, ரொக்கமாக வேண்டுமாம். இதுவும் சூதாட்டம்தான் என்கிறார் மனைவி. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த விலையே காட்டிக்கொடுக்கிறது. 1952 டாப்ஸ் வரிசையில் 311ஆம் எண் மேண்டிலுடையது. மடிந்து, கசங்கி, மூலையெல்லாம் தேய்ந்து ஆகக் கடைசித் தரத்தில் இருந்தாலும் அந்தக் கார்டு 10,000 டாலரைத் தாண்டித்தான் கைமாறுகிறது. கார்டு விற்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. அசல் என்று அவரே நம்பினால் தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பி, சான்றோடு பல மடங்குக்கு விற்கலாமே! அதைச் செய்யாமல் உங்களிடம் ரொக்கம் கேட்கிறார். அந்த இடத்திலேயே நீங்கள் விலகிவிட வேண்டும்.

பரண் கதை எடுபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில சமயம் அது நிஜமாகவே நடந்திருக்கிறது. 1986இல் ஆலன் ரோசன் என்ற வியாபாரி மாசசூசெட்ஸில் ஒரு வீட்டிலிருந்து 1952 டாப்ஸ் கார்டுகளை ஆயிரக்கணக்கில், புத்தம் புதிதுபோல் இருந்த நிலையில் வாங்கினார். அதில் வந்த ஒரு மேண்டில்தான் 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. இன்னொரு பக்கம், விற்காமல் தேங்கிய 1952 கார்டுகளை 1960 வாக்கில் படகில் ஏற்றி நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் கடலில் கொட்டியதாக அந்தக் கார்டுகளை வடிவமைத்த டாப்ஸின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். மேண்டில் உள்பட, அந்த வருடம் கடைசியாக வெளியிட்ட கார்டுகள் இவ்வளவு தேடப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டையும் கேட்டவருக்கு, தன் கையிலும் அப்படி ஒன்று வந்து விழாதா என்ற ஆசை வந்துவிடும். விற்பவர் அந்த ஆசையைத்தான் பிடித்துக்கொள்கிறார். கதையைக் கேளுங்கள், ரசியுங்கள், ஆனால் அதற்கென்று ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

அந்தக் கார்டை இன்னொரு முறை பார்க்கும் வாய்ப்பு வந்தால் ஒரு அளவுகோலோடு போங்கள். 1952 டாப்ஸ் கார்டு 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமும் கொண்டது. 1983இல் டாப்ஸ் நிறுவனமே அந்த வரிசையை மறுபதிப்பாக வெளியிட்டது. அது 2½க்கு 3½ அங்குலம், பின்புறத்தில் மறுபதிப்பு என்ற வரியும் உண்டு. அந்த வரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூலையைத் தேய்த்துப் பழசாக்கி விற்பது நெடுநாளாக நடக்கிற மோசடி. பின்புறம் ஓரிடத்தில் மட்டும் காகிதம் மெலிந்து வெளுத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

அளவு சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. சரியான அளவிலும் போலிகள் வருகின்றன. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில டாலர்தான். முதலில் அந்த நான்கு 1956 கார்டில் ஒன்றை அதன் கீழ் வைத்துப் பாருங்கள். படம் முழுக்க வண்ணப் புள்ளிகள் தெரியும். அப்படியே நகர்த்திக் கறுப்பில் அச்சான எழுத்துக்கு வாருங்கள். எழுத்தின் மை நடுவில் விட்டுப்போகாமல், ஓரம் திட்டமாக, நிறைவாக இருக்கும். அசலை ஸ்கேன் செய்து அச்சடித்த போலியில் இது வராது. எழுத்தும் கோடும்கூடப் புள்ளி புள்ளியாய்ச் சிதறிக் கிடக்கும். பத்து அசல் கார்டை இப்படிப் பார்த்துவிட்டால் கண் பழகிவிடும். அதனால்தான் எந்த வருடத்துக் கார்டில் பெரிய தொகை போடப் போகிறீர்களோ, அந்த வருடத்து மலிவான கார்டு ஒன்றை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். தடிமன், காகிதத்தின் நிறம், பளபளப்பு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். 1950க்கு முந்தைய கார்டுகளுக்குப் புற ஊதா விளக்கும் உதவும். காகிதத்தை வெண்மையாக்கும் ரசாயனம் அப்போது புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. கௌடி நிறுவனத்தின் 1933 கார்டு என்று சொல்லிக் கொடுத்தது அந்த விளக்கில் பளிச்சென்று நீலமாய் ஒளிர்ந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

தரச்சான்று பற்றியும் சொல்ல வேண்டும். பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் கார்டைச் சோதித்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகின்றன. இதைத்தான் ஸ்லாப் என்கிறார்கள். பெரிய தொகைக்கு வாங்கும்போது ஸ்லாப் இல்லாமல் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. ஆனால் அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. பி.எஸ்.ஏ. முதன்முதலில் தரம் போட்ட கார்டே ஒரு டி206 ஹோனஸ் வாக்னர். 1909க்கும் 1911க்கும் இடையில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த வரிசை அது. வாக்னர் தன் படத்தை நிறுத்தச் சொன்னதால் அவருடைய கார்டு சில டஜன்தான் எஞ்சியிருக்கின்றன. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் 1991இல் 4,51,000 டாலர் கொடுத்து வாங்கிய அந்தக் கார்டுக்கு 8 மதிப்பெண் கிடைத்தது. ஓரம் அவ்வளவு கூர்மை. பல வருடம் கழித்து, அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று 2013இல் நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். முகப்பு தேய்ந்திருக்க, ஓரம் மட்டும் கத்தியால் வெட்டியதுபோல் புதிதாக இருந்தால் இந்தச் சம்பவம் உங்கள் நினைவுக்கு வர வேண்டும்.

போலி ஸ்லாப்களும் உண்டு. உறை மேல் இருக்கும் சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் இருக்கும் கார்டோடு கறைக்குக் கறை ஒப்பிட்டுப் பாருங்கள். விலை பார்க்கும்போது, கேட்கிற விலையை விட்டுவிட்டு, ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். யாரும் எதற்கும் எவ்வளவும் கேட்கலாம்.

மனைவி சொன்னதற்கு வருகிறேன். பழைய கார்டு சேர்ப்பது சூதாட்டம் இல்லை. ஜெஃபர்சன் பர்டிக் என்று ஒருவர் இருந்தார். சிரக்யூஸில் தொழிற்சாலை வேலை பார்த்தவர், வசதியானவர் இல்லை. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த 30,000க்கு மேற்பட்ட பேஸ்பால் கார்டுகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு 1963இல் இறந்துபோனார். இன்று எல்லாரும் டி206 என்கிறோமே, அது அவர் தயாரித்த பட்டியலில் போட்ட எண்தான். எடிசனிலிருந்து ரயிலில் போகிற தூரம், மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் அந்த அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள்.

ஆனால் நடுராத்திரி ஏலமும் 3,000 டாலர் பாக்கியும் வேறு விஷயம். அதைப் பற்றி மனைவி கவலைப்படுவது முழுக்க நியாயம். கிரெடிட் கார்டு வட்டி வருடத்துக்கு 20 சதவீதத்தை ஒட்டி ஓடுகிறது. எந்தப் பேஸ்பால் கார்டின் விலையும் அப்படி நிச்சயமாக ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாக்கி தீரும்வரை ஒன்றும் வாங்காதீர்கள். தீர்ந்த பிறகு, மாதம் இவ்வளவு என்று இருவருமாகப் பேசி ஒரு தொகை வைத்துக்கொள்ளுங்கள். அது செலவு, முதலீடு இல்லை என்று எழுதியே வையுங்கள். ஏலத்தில் உங்கள் உச்ச விலையை ஒரே முறை போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

குறைந்த பணத்திலும் நிறைவாகச் சேர்க்க முடியும். 1956 டாப்ஸ் வரிசையில் 340 கார்டுகள். நட்சத்திர வீரர்களைத் தவிர்த்தால், தேய்ந்த நிலையில் பெரும்பாலானவை பத்து டாலருக்குள்ளேயே கிடைக்கும். கையில் ஏற்கெனவே நான்கு இருக்கிறது, அதையே தொடருங்கள். அப்புறம், 1957 வரிசையில் ஹேங்க் ஆரனைத் தேடிப் பாருங்கள். படச்சுருளைத் திருப்பிப் போட்டு அச்சிட்டுவிட்டார்கள், வலக்கை ஆட்டக்காரர் இடக்கையால் மட்டை பிடித்து நிற்பார். 2 அல்லது 3 மதிப்பெண் கார்டு சில நூறு டாலருக்குள் வரும். மூலை மழுங்கியிருந்தாலும் முகம் தெளிவாக இருக்கிற கார்டு, பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: பக்கத்துத் தெருவில் வீட்டைக் காலி செய்கிறவர்கள், 1988 முதல் 1991 வரையிலான பேஸ்பால் கார்டு பெட்டிகளைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள். மொத்தத்துக்கும் 600 டாலர் கேட்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு ஆகுமா?

பதில்: ஆகாது. பழைய கார்டுகள் விலை ஏறியதைப் பார்த்து அந்த வருடங்களில் எல்லா நிறுவனங்களும் அளவில்லாமல் அச்சடித்தன, வாங்கியவர்களும் பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள். அரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அப்பர் டெக் நிறுவனத்தின் 1989 வரிசையில் வந்த கென் கிரிஃபி ஜூனியர் மாதிரி ஒன்றிரண்டுக்குத்தான் இன்னும் மவுசு. பிள்ளைகள் பிரித்து விளையாடட்டும் என்றால் ஒரு பெட்டியை மட்டும் பேரம் பேசி வாங்குங்கள்.

கேள்வி: மாமனார் விட்டுப்போன 1950, 60களின் கார்டுகள் பேஸ்மென்ட்டில் ஆல்பத்தில் இருக்கின்றன. பிளாஸ்டிக் தாள் ஒட்டுகிறது, ஒரு வாடையும் வருகிறது. என்ன செய்யலாம்? விற்றால் வரி உண்டா?

பதில்: வாடை வந்து ஒட்டுகிறது என்றால் அது பெரும்பாலும் பி.வி.சி. தாள். அதிலிருந்து கசியும் பொருள் கார்டைக் கெடுக்கும். மெல்ல எடுத்து, பாலிபுரொப்பிலீன் உறையில் போட்டு, அதன் மேல் டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். ரப்பர் பேண்ட் கூடாது. பேஸ்மென்ட்டும் வேண்டாம், ஈரம் ஏறும். மேல்மாடியில் உள்சுவர் ஓரமாக உள்ள அலமாரி நல்லது. கறையைத் துடைப்பது, மடிப்பை நீவுவது, ஓரத்தைச் சரிசெய்வது எதுவும் செய்யாதீர்கள். அப்படித் தொட்ட கார்டுக்குத் தரம் பார்ப்பவர்கள் மதிப்பெண் தராமலே போகலாம்.

வரி உண்டு. அமெரிக்காவில் சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி போடலாம். ஆனால் வாரிசாக வந்த பொருளுக்குப் பொதுவாக மாமனார் இறந்த நாளில் இருந்த சந்தை மதிப்பைத்தான் அடக்க விலையாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் அந்தத் தேதியை ஒட்டி விற்று முடிந்த விலைகளைப் படமெடுத்துச் சேர்த்து வைத்துக்கொண்டு வரிக் கணக்காளரைப் பாருங்கள். ஏல நிறுவனத்துக்குக் கொடுப்பதானால், கமிஷன் போக உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.