பெயர் மனைவிக்கு, நிர்வாகம் கணவருக்கு: இதைப் பெண் தொழில்முனைவில் சேர்க்கலாமா?

வணக்கம். உரிமம் மனைவி பெயரில் இருந்தும் கணவரே நடத்தும் கடைகளை உங்கள் முதுகலை ஆய்வில் சேர்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள். நீக்கிவிடாதீர்கள், தனிப் பிரிவாக வையுங்கள். உரிமத்தை மட்டும் பார்த்தால் போதாது. பெண்கள் உள்ளிட்டோர் தொழில் தொடங்க வங்கிக் கடன் கிடைப்பதற்காக 2016-இல் வந்த ஸ்டாண்ட்அப் இந்தியா என்ற மத்திய அரசுத் திட்டமே தனிநபர் அல்லாத நிறுவனங்களில் 51 சதவீதப் பங்கோடு கட்டுப்பாடும் பெண்ணிடம் இருக்கவேண்டும் என்றது. அதனால் வினாப்பட்டியலில் விலை வைப்பது யார், கடன் வாங்க முடிவெடுப்பது யார், கல்லாப்பணம் யார் கையில் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கணவர் பக்கத்தில் இல்லாதபோது கேட்பது ரொம்ப முக்கியம்.

அப்புறம், இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. கணவர் பெயரிலுள்ள கடையை முழுக்க நடத்தும் பெண்கள், வீட்டிலேயே மாவரைத்து விற்பவர்கள். பதிவேட்டை மட்டும் வைத்து மாதிரி எடுத்தால் இவர்கள் விடுபட்டுப்போவார்கள். தெருத்தெருவாகப் போய்ப் பட்டியல் எடுங்கள்.