ஸ்கேனில் பை தெரியவில்லை, மாத்திரை போடலாமா?

கேள்வி: வயது 26. குடியாத்தம் பக்கம் கிராமம், வீட்டில் கைத்தறி. எனக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வரும். இந்த முறை 38-ஆம் நாள் கார்டில் இரண்டு கோடு வந்தது. லேசாகப் பழுப்பு நிறத்தில் படுகிறது, இடது அடிவயிற்றில் வலி. அன்றே வயிற்றின் மேல் வைத்து ஸ்கேன் பார்த்தார்கள். கருப்பையில் கரு வளரும் பை இல்லை, இடது சினைப்பையில் 2.4 செ.மீ. நீர்க்கட்டி என்று எழுதியிருக்கிறது. பீட்டா எச்.சி.ஜி. (ரத்தத்தில் உள்ள கர்ப்ப ஹார்மோன் அளவு) 640. வாந்தி, மசக்கை எதுவும் இல்லை. தெரியாமல் பப்பாளி சாப்பிட்டுவிட்டேன், தறியிலும் உட்கார்ந்தேன். அக்காவுக்குக் கருக்குழாயில் கரு தங்கி ஆபரேஷன் ஆனது. நெட்டில் பார்த்தால் எனக்கும் அதுதான் போலிருக்கிறது. கலைந்துவிட்டால் நல்லது என்று மெடிக்கலில் ஐந்து மாத்திரை அட்டை வாங்கி வைத்திருக்கிறோம். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.

அதில் ஒரு மாத்திரை மிஃபெப்ரிஸ்டோன், மீதி நான்கும் மிசோப்ராஸ்டால். முதலாவது, கருவைத் தாங்கும் புரோஜெஸ்ட்ரான் ஹார்மோனைத் தடுக்கும். மற்ற நான்கும் கருப்பையைச் சுருக்கிப் பிழியும். குழாயில் தங்கிய கருவை இவற்றால் வெளியேற்ற முடியாது. ஆனால் கருப்பையின் உள்வரி கழன்று, கட்டி கட்டியாக உதிரம் போகும். வீட்டில் எல்லோரும் "சுத்தமாயிடுச்சு" என்று நிம்மதியாகிவிடுவார்கள். திரும்பக் கார்டு போட்டுப் பார்த்தாலும் துப்பு கிடைக்காது. நிஜமாகவே கலைந்தவர்களுக்கும் மூன்று நான்கு வாரம் வரை இரண்டு கோடு வரும். அதற்குள் குழாய் வெடித்துவிடலாம். கரு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இந்த மாத்திரையைக் கொடுப்பதே தவறு, மருத்துவர் சீட்டில்லாமல் விற்பது அதைவிடத் தவறு. இன்னொன்றும் யோசியுங்கள். உங்கள் விஷயத்தில் கரு கருப்பைக்குள் நல்லபடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வேண்டிய குழந்தையை பயத்தில் நீங்களே கலைத்துவிடுவீர்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் நாளைத் தப்பாக எண்ணுகிறீர்கள். 38 நாள் என்றதும் ஐந்தரை வாரம் என்று வைத்துக்கொண்டு நெட்டில் தேடியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கு. 35 நாள் சுழற்சியில் முட்டை வெளிவருவதே 21-ஆம் நாள் வாக்கில். அப்படியானால் ஸ்கேன் பார்த்த அன்று கருவுக்கு வயது 17 நாள். மருத்துவக் கணக்கில் நாலரை வாரம்கூட ஆகவில்லை. பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேனிலேயே பை தெரிய ஐந்து வாரம் ஆக வேண்டும், வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் இன்னும் ஒரு வாரம் கூடும். பீட்டா 1500, 2000 தாண்டினால்தான் பையைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. உங்களுக்கு 640. தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இடது பக்க "நீர்க்கட்டி" பற்றி. முட்டை வெளிவந்த இடத்தில் உண்டாகும் கார்பஸ் லூட்டியம் அது என்றே தோன்றுகிறது. நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் வரை, சுமார் எட்டு முதல் பத்து வாரம், புரோஜெஸ்ட்ரான் சுரந்து கருவைக் காப்பதே அதுதான். அந்தப் பக்கம் லேசாக இழுத்துப் பிடிப்பது போல் வலிப்பது சகஜம். குழாய்க் கரு சினைப்பைக்குள் இருக்காது, அதை ஒட்டித் தனியாகத் தெரியும். இதற்காக முழு நிம்மதி தருகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 640-இல் குழாய்க் கருவும் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். அதனால்தான் ஒரு ஸ்கேன், ஒரு பீட்டாவோடு நிறுத்தக் கூடாது.

பப்பாளி, தறி, மசக்கை இல்லாதது, இவை மூன்றையும் மறந்துவிடுங்கள். எல்லோருக்கும் கரு உருவாவதே குழாயில்தான். அங்கிருந்து நாலைந்து நாளில் கருப்பைக்கு வந்து சேர்கிறது. வழியில் குழாயின் உள்சுவர் கெட்டிருந்தால் நின்றுபோகலாம். தறி மிதித்தால் அது இடம் மாறாது. அக்காவுக்கு வந்ததால் உங்களுக்கும் வரும் என்பதும் இல்லை, இது பரம்பரை நோயல்ல. நான் கேட்பது வேறு: உங்களுக்கு எப்போதாவது டி.பி. இருந்ததா? குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆனதா? அடிவயிற்றில் கிருமித்தொற்று, குழாயில் ஆபரேஷன், காப்பர்-டி? ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. படுத்தால் தோள்பட்டை நுனியில் வலி, எழுந்தால் கண் இருட்டுவது. குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள்தான் கொட்டும், துணியில் இரண்டு சொட்டுகூடப் படாமல் இருக்கலாம். படுக்கும்போது அந்த ரத்தம் மேலே ஓடி உதரவிதானத்தைத் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) தொடும். அந்த இடத்துக்கும் தோளுக்கும் போகும் நரம்புகள் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் வலி தோளில் தெரியும். கையை ஆட்டினாலும் தோளை அமுக்கினாலும் அந்த வலி ஏறவும் செய்யாது, குறையவும் செய்யாது. நம் வீடுகளில் இதற்கு வாயுப் பிடிப்பு என்று பெயர் வைத்து ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள், தைலம் தேய்ப்பார்கள். போகும் நேரம் அங்கேதான் போகிறது. ரத்தம் கருப்பைக்குப் பின்னால் தேங்கினால் மலம் வருவது போல் முட்டும். கழிவறைக்குப் போனவர்கள் அங்கேயே மயங்கி விழுவது இதனால்தான்.

இது வந்தால் பைக்கில் உட்காரக் கூடாது. படுத்துக் காலை உயர்த்தி வைத்து 108-ஐ அழையுங்கள். தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள், மயக்க மருந்து தர வேண்டி வரும். வருபவர்களிடம் "கர்ப்பம் உறுதி, தோள் வலி, மயக்கம்" என்ற மூன்றையும் சொன்னால் போதும். பக்கத்து கிளினிக் வேண்டாம். ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் உள்ள இடம் வேண்டும். உங்கள் ஊரிலிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேலூரின் பெரிய மருத்துவமனைகளுக்கோ நேரம் பிடிக்கும். நள்ளிரவில் எது பக்கம் என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

வலி இப்போது இருப்பதுபோல் லேசாக இருந்தால் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று போடலாம். மாதவிடாய் வலிக்குப் போடும் மெஃப்தால் வேண்டாம், வலி ஏறுவதே தெரியாமல் போய்விடும். மாத்திரை போட்டும் வலி ஏறினால் அன்றே போய்க் காட்டுங்கள்.

கடிதம் எழுதி இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருக்கும், ஆகவே இன்றே அதே லேபில் இரண்டாவது பீட்டா கொடுங்கள். லேப் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. நல்ல கரு என்றால் 48 மணி நேரத்தில் எண் குறைந்தது பாதியாவது கூடும், அதாவது 640 சுமார் 950-ஐத் தாண்டும். பலருக்கு இரட்டிப்பாகும். தயங்கித் தயங்கி ஏறினாலோ அதே இடத்தில் நின்றாலோ மகப்பேறு மருத்துவர் அன்றே பார்க்க வேண்டும். நன்றாக ஏறினாலும் ஒரு வாரம் கழித்து உள்வழி ஸ்கேன் உண்டு. குழாய்க் கருவிலும் சில நேரம் எண் ஒழுங்காக ஏறும். அந்த ஸ்கேன் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது, கூச்சத்துக்காக மறுக்காதீர்கள்.

ஒருவேளை குழாய்தான் என்று வந்தாலும், வெடிக்கும் முன் பிடித்தால் சிலருக்குக் கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெதோட்ரெக்ஸேட் ஊசியே போதும். நாலாம் நாள், ஏழாம் நாள் பீட்டா பார்ப்பார்கள், ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், அடுத்த கர்ப்பத்துக்கு மூன்று மாதம் பொறுக்கச் சொல்வார்கள். ஒரு குழாயை எடுத்தாலும் மற்றது நன்றாக இருந்தால் குழந்தை பிறக்கும். அக்காவிடம் இதையும் சொல்லுங்கள்.

லேபுக்குப் போகும்போது ரத்த வகையும் பார்த்துச் சீட்டை வாங்கி வையுங்கள். நெகட்டிவ் என்றால் ரத்தம் படுவதை டாக்டரிடம் சொல்லி ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடல் எதிர்க்காமல் தடுப்பது) தேவையா என்று கேளுங்கள்.