மௌனம் சம்மதம் ஆகாது

அன்புள்ள ஐயா,

குறுநாவல் ஒன்று எழுதிவருகிறேன். மதுரையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கும் முருகேசனும் இளங்கோவும் காதலர்கள். முருகேசனை 2006-ல், பதினோரு வயதில், உறவினர் ஒருவர் பாலியல் கொடுமை செய்தார். இளங்கோவை வீட்டார் அடித்து, ‘மாற்றிவிடலாம்’ என்று சிகிச்சைக்கு இழுத்துப்போனார்கள். ஏழாம் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். முடிவில் இவர்களைச் சேர்ப்பதா, பிரிப்பதா? பிரித்தால்தான் யதார்த்தம் என்கிறார் நண்பர்.

ச.

அன்புள்ள ச.,

முடிவு இருக்கட்டும். ஏழாம் அத்தியாயத்தில் இளங்கோ பின்னாலிருந்து கட்டிக்கொள்கிறான், முருகேசன் அசையாமல் நிற்கிறான். ‘அவன் மௌனமே சம்மதமாயிற்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பழமொழி செய்யும் கேட்டைப் பற்றித்தான் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்கும் கூடத்திலேயே அது போதுமான அநியாயம் செய்திருக்கிறது. அதை ஏன் இந்தப் படுக்கையறைக்குக் கூட்டிவந்தீர்கள்?

எதிர்க்கவும் ஓடவும் வழியில்லாதபோது உடல் விறைத்துப்போகும். தொண்டை அடைக்கும், மூச்சு மேலோட்டமாகும், நடப்பதையெல்லாம் வேறெங்கோ நின்று பார்ப்பதுபோல் இருக்கும். பதினோரு வயதில் அந்த உடல் கற்றுக்கொண்டது இது. பிரியமானவன் தொட்டாலும் அது திரும்ப வரும், அவன் கையில் இல்லை. நீங்கள் எழுதிய வரி, அன்று அந்த உறவினர் சொல்லியிருக்கக்கூடிய சமாதானம்.

இளங்கோவின் காயம் வேறு. அவன் வீட்டில் அடிக்கு முன்னால் வருவது மௌனம். முருகேசன் உறைந்தால் அவனுக்கு அது கோபமாகவே படும். “கோவமா? கோவமா?” என்று நெருங்கி மணிக்கட்டைப் பிடிப்பான். பிடித்ததும் முருகேசன் இன்னும் உள்ளே போய்விடுவான். ஒருவன் தற்காத்துக்கொள்ளும் விதமே மற்றவனைப் பயமுறுத்துகிறது. உங்கள் கதை இங்கேதான் இருக்கிறது, நீங்களோ தாண்டிப் போய்விட்டீர்கள்.

இளங்கோ என்ன செய்யவேண்டும்? முதலில் “கையை எடுக்கிறேன்” என்று சொல்லி மெதுவாகக் கையை எடுக்கவேண்டும். ஒரு கை தூரம் விலகி, கதவை மறைக்காமல் உட்காரவேண்டும். விளக்கைப் போடலாம். “முருகேசா, நான் இளங்கோ. நம்ம வீடுதான். மணி பத்தரை.” பாதம் தரையில் படட்டும், கையில் குளிர்ந்த தண்ணீர் டம்ளரைக் கொடுக்கலாம், கண்ணில் படும் ஐந்து பொருட்களைச் சொல்லச் சொல்லலாம். ஆழ்ந்து மூச்சு விடு என்று உடனே சொல்லக் கூடாது, சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டும். அன்றிரவு காரணம் கேட்கக் கூடாது.

மறுநாள் பகல் வெளிச்சத்தில், டீ குடித்தபடி பேசட்டும்: எந்தப் பக்கத்திலிருந்து தொட்டால் ஆகாது, எந்தத் தலைத்தைலத்தின் வாடை ஆகாது. நிறுத்து என்பதற்கு ஒரு சொல் வைத்துக்கொள்வார்கள். குரல் அடைக்கும்போது சொல் வராது, ஆகவே மெத்தையில் இரண்டு தட்டு. கையும் எழாமல் போகலாம் என்பதால், அசைவு நின்றாலே நிறுத்தவேண்டும் என்பது அவர்களுக்குள் விதி. இளங்கோவுக்கும் ஒன்று வேண்டும். ‘உன் மேல கோவமில்ல, பேச்சு வரல’ என்று முருகேசன் முன்கூட்டியே எழுதி பீரோ கதவில் ஒட்டிவைக்கட்டும்.

‘அந்தச் சம்பவம்தான் அவனை இப்படி ஆக்கியது’ என்ற வரியை அடித்துவிடுங்கள். கோபத்தோடுதான் சொல்கிறேன். 2007-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் 52.94 சதவீதம் ஆண் பிள்ளைகள். அவர்களில் எத்தனையோ பேர் வளர்ந்து பெண்களைக் காதலித்து வாழ்கிறார்கள். அந்த நேரத்தில் உடலில் கிளர்ச்சி உண்டாகியிருந்தால்கூட அது தானாக நிகழ்வது, விருப்பம் ஆகாது. இது தெரியாமல் வருடக்கணக்காக வெட்கத்தைச் சுமப்பவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் உங்கள் நாவலைப் படிப்பார்.

உங்கள் கதையில் வரும் வக்கீல், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் என்கிறார். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14. 2006-ல் நடந்ததற்கு, அன்றிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஓரினச் சேர்க்கையையும் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவுதான். உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு, வயதுவந்தோர் மனமொத்து இருப்பதை மட்டுமே அதிலிருந்து விலக்கியது. இத்தகைய குற்றத்துக்குக் காலவரம்பும் இல்லை. இருவரையும் இத்தனை நாள் மிரட்டிய அதே பிரிவில் முருகேசன் புகார் எழுதவேண்டியிருக்கிறது, இதை விட்டுவிடாதீர்கள். இளங்கோவின் ‘சிகிச்சை’ எந்த வருடம் என்றும் குறியுங்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடைசெய்ய உத்தரவிட்டது.

அச்சக வர்ணனை, பெயர்கள் எல்லாம் சரி. சேர்ந்தே இருக்கட்டும், நண்பர் சொல்வதைப் பொருட்படுத்தவேண்டாம். ஏழாம் அத்தியாயத்தைத் திருத்தி அனுப்புங்கள். இளங்கோ விளக்கைப் போடும் இடத்திலிருந்து எழுதுங்கள்.